பழைய மோரிஸ் மைனருக்குக் கையால் தகடு அடிப்பது: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிராணியார்கள் (தோட்டக் குமாஸ்தாக்கள்) ஓட்டிய மோரிஸ் மைனர் கார்களில் ஒன்றிரண்டு இன்னமும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தார்பாய் போர்த்திக் கிடக்கின்றன. எங்கள் தாத்தாவின் காடியும் (காரைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) அப்படித்தான் கிடந்தது. என் பெரியப்பா காடி தட்டும் பட்டறை வைத்திருந்தவர். மலாயில் கெதொக் கடை என்பார்களே, அதுதான். அவரிடம் கற்றதையும், அவர் சொல் கேட்காமல் கெடுத்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மைனரின் இஞ்சின் சின்னது, எளிது. 948 சி.சி.யோ 1098 சி.சி.யோ, எதுவானாலும் பொறுமையாகக் கழற்றி மாட்டினால் ஓடும். காடியைக் கொல்வது துரு. அரித்த இடத்தை வெட்டி, அதே வடிவத்தில் புதுத் தகடு செய்து பொருத்துவதுதான் இங்கே விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைனருக்குப் புதுத் தகடுகளை இன்றும் பிரிட்டனில் செய்து விற்கிறார்கள். முழு முன் விங்கும் (சக்கரத்தை மூடும் மட்கார்டு) கந்தலாகிவிட்டது, கையில் காசும் இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முழு விங்கைக் கையால் அடிப்பது பழகிய கைக்கே நீண்ட வேலை. தரை, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் ‘சில்’ என்ற பகுதி, விங்கின் ஒரு மூலை, கதவின் அடிப்பக்கம் ஆகியவை புதியவர் செய்யக்கூடியவை.

முதலில் பார்ப்பது

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, காடியின் உடம்பு முழுக்க இழுத்துப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பியிருக்கும் இடத்தில் வழுக்கும். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும்: நல்ல தகடு ‘டங்’ என்னும், பட்டி ‘டொக்’ என்னும். அப்புறம் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மனசு கேட்காது, ஆனாலும் குத்துங்கள். இன்றைக்குக் குத்தாமல் விட்ட இடம் நாளைக்குப் புதுப் பெயிண்டுக்கு அடியில் தானாகவே ஓட்டை போடும்.

மைனரில் துரு குடியிருக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முன் விங்கின் பின்பக்க அடி மூலையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்கும். கதவுக்கு அடியில் சில், கால் மிதிக்கும் தரை, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர் ஆகியவையும் அரிக்கும். கடைசி இரண்டும் வேறு ரகம். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீளமான கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது, அதன் பின்முனை அந்தக் கிராஸ் மெம்பரில்தான் பிடித்திருக்கிறது. அங்கே அரித்திருந்தால், முதல் காடியில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இஞ்சின் பக்கத்து நடுச்சுவரில் இருக்கும் எண் தகட்டை, கிராண்ட்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். எண் இருக்கும் எந்தத் தகட்டையும் வெட்டாதீர்கள், கிரைண்டர் அதன் பக்கமே போகக் கூடாது. நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பெட்ரோல் டாங்க் பின்னால் சாமான் பெட்டியின் தரைக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் எங்கே வைப்பதானாலும் சரி, அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் கழுவும் ஸ்ப்ரேக்களில் சிலவற்றில் குளோரின் கலந்த திரவம் இருக்கும். அது ஈரமாக இருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்தால் நச்சுவாயு கிளம்பும். தகட்டைத் துடைக்க அதைத் தொடவே வேண்டாம்.

முட்டுக்கொடுத்து வெட்டுவது

மைனருக்குத் தனி சேஸி கிடையாது, உடம்பேதான் எலும்பு. சில்லை வெட்டினால் காடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடாது. அதனால் வெட்டுவதற்கு முன் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையே உட்பக்கமாக வெல்டு வைத்துவிடுங்கள். கதவு மாட்டியபடியே இருக்கட்டும். அதைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சாக்பீஸால் எழுதி வைத்து, ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறு பக்கம்.

காடியை வெட்டப் பயமாக இருந்தால் ஒரு கதை. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் (பிற்பாடு மினி காரைச் செய்தவரும் அவர்தான்), செய்து முடித்த மாதிரிக் காடி குறுகலாகத் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் தள்ளியதும் சரியாகப்பட்டது. 1948-இல் காடி வெளிவந்தபோது அந்த அகலத்தோடுதான் வந்தது. போனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். போய்த் தடவிப் பாருங்கள்.

இனி இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விதி. பழைய தகட்டைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும், வெட்டியதைத் தூக்கிப் போடக் கூடாது. சல்லடையாகப் போயிருந்தாலும் அதுதான் உங்கள் வரைபடம். எங்கே மடிகிறது, எவ்வளவு குவிகிறது, போல்ட் ஓட்டை எங்கே என்று அதற்குத்தான் தெரியும். நான் வலது பக்கத்து சில்லை ஒரே நாளில் வெட்டி, இடம் அடைக்கிறது என்று பழைய இரும்புக் கடை லாரியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் பெரியப்பா வந்து பார்த்தார்.

“எதப் பாத்துடா செய்யப் போற?”

அவ்வளவுதான் கேட்டார். வேறு ஊரில் இன்னொரு மைனரைத் தேடிப்பிடித்து, அதன் அடியில் படுத்து அட்டையில் அளவெடுத்து வந்தேன்.

தகடு

வெளித்தோலுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் தகடு போதும். தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மில்லிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் வெறும் ‘தகரம்’ என்று கேட்டால் கூரைத் தகரத்தை எடுத்து நீட்டுவார்கள். குளிர்நிலையில் உருட்டிய, மேலே எந்தப் பூச்சும் இல்லாத இரும்புத் தகடு என்று கேளுங்கள். 4 அடிக்கு 8 அடி பலகையாக வரும். நகரத்து இரும்புக் கடைகளில் வெட்டியும் தருவார்கள்.

லயத்துக் கூரையிலிருந்து கழற்றிய தகரம் சும்மா கிடக்கிறதே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. துத்தநாகம் பூசிய அந்தத் தகரத்தில் ஒரு மத்தியானம் முழுக்க, கதவை மூடிக்கொண்டு வெல்டு வைத்தேன். ராத்திரி குளிர்க் காய்ச்சல், உடம்பு வலி. அம்மா டெங்கி என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து இப்படித்தான் காய்ச்சல் வரும். மறுநாள் இறங்கிவிட்டது, ஆனால் அந்த ராத்திரியை மறக்க முடியாது. எண்ணெய் டிரம்மும் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி நெருப்புப் பட்டால் வெடிக்கும்.

சாமான்கள்

நிறைய வேண்டாம். தட்டை முகச் சுத்தியல் ஒன்று, மரச் சுத்தியல் ஒன்று, இரண்டு மூன்று வடிவத்தில் டாலி (தட்டும்போது தகட்டுக்கு அடியில் பிடிக்கும் இரும்புக் கட்டி), இடமும் வலமும் வெட்டும் கத்தரிகள், பிடிக்கிற கிளாம்புகள். சுத்தியல் முகத்தையும் டாலியையும் மணல் தாளில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் தகட்டில் பதியும்.

மணல் பைக்குத் தோல் கிடைத்தால் நல்லது. என்னுடையது பழைய ஜீன்ஸின் கால், இரண்டு மடிப்பாகத் தைத்து, காய்ந்த ஆற்று மணலை முக்கால்வாசி நிரப்பியது. அப்புறம் ஒரு அடிமரக் கட்டை. மறுநடவுக்குச் சாய்த்த பால்மரம் (ரப்பர் மரம்) எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். முழங்கால் உயரத்துக்கு அறுத்து, தலையில் ஒரு சாண் அகலத்துக்கு, இரண்டு விரல் ஆழத்துக்குக் கிண்ணம் மாதிரிக் குடைந்துகொள்ளுங்கள். பால்மரம் சீக்கிரம் உளுத்துப்போகும் என்பது உண்மைதான். உளுத்தால் இன்னொன்று.

தாளைக் கேளுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு எல்லாமே இங்கேதான் புரிந்தது. சிமென்ட் பைத் தாள் மாதிரி முரட்டுத் தாளை எடுத்து, நல்லபடியாக இருக்கும் மறுபக்க விங்கின் அதே மூலையில் காந்தங்களால் ஒட்டி, கையால் அழுத்தி ஒட்ட வையுங்கள். தட்டையான இடத்தில் தாள் படியும். ஒரு பக்கமாக மட்டும் வளைந்த இடத்திலும் படியும். இரண்டு பக்கமும் வளைந்த இடத்தில் படியாது, ஓரத்தில் சுருக்கம் விழும், இல்லையென்றால் கிழியும். சுருக்கம் விழும் இடத்தைக் கத்தரியால் கீறிவிட்டால் தாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். விறைத்து நிற்கும் இடத்தைக் கீறினால் வெட்டு ‘V’ மாதிரி விரியும்.

தாள் ஏறிய இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும், விரிந்த இடத்தில் நீட்ட வேண்டும். தகட்டு வேலையில் இந்த இரண்டைத் தவிர வேறு வித்தை இல்லை. சுருக்கு, நீட்டு என்று தாளின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் புரட்டிப் போட்டால் அரித்த பக்கத்துக்கான மாதிரி தயார். கூடவே, வளைவின் குறுக்கே 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அட்டையை வெட்டி, விங்கில் இடுக்கில்லாமல் உட்காரும்படி செதுக்கி எண் போட்டு வையுங்கள். தட்டும்போது அவைதான் உங்கள் கண்.

அடிப்பது

இடது முன் விங்கின் பின்பக்க அடி மூலை, ஏறத்தாழ ஒரு சாண் உயரம் என்று வைத்துக்கொள்வோம். தாள் மாதிரியைத் தகட்டில் வரைந்து, சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டுங்கள். ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கை கிழியும், ஓரத்தில் விரிசலும் விழும்.

முதலில் பெரிய வளைவு. தடித்த தண்ணீர்க் குழாயின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தியே வளைக்கலாம், சுத்தியல் வேண்டாம். அட்டையை வைத்துப் பார்த்து, கொஞ்சம் குறைவாகவே விடுங்கள். அப்புறம் மணல் பையின் மேல், உட்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, நடுப்பகுதியை மரச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள். ஒரு தட்டின் தடத்தில் பாதியை அடுத்த தட்டு மூடும்படி வரிசையாக நகருங்கள். இருபது தட்டுக்கு ஒரு முறை அட்டை. தகடு பள்ளமும் மேடுமாக வால்நட் ஓடு மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆகும்.

ஓரத்தைச் சுருக்கும்போது அடிமரக் கட்டை வேலைக்கு வரும். தகட்டின் ஓரத்தைக் குழியின் மேல் வைத்துத் தட்டினால் அலை அலையாகச் சுருக்கம் எழும்பும். அந்த அலைகளை மரச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டிச் சமப்படுத்துங்கள், தகடு தனக்குள்ளேயே திணிந்து ஓரம் குறுகும். அலை மடிந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிட்டால் அங்கே வெடிக்கும். அதனால் பெரிய அலை ஒன்றைவிடச் சின்ன அலை நாலு மேல்.

இப்போது டாலி. உள்ளே டாலியைப் பிடித்து வெளியே தட்டும்போது, சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் சந்தித்தால் ‘டிங்’ என்று மணிச் சத்தம் வரும். அப்போது தகடு நசுங்கி நீளும். டாலியைப் பள்ளத்துக்கு அடியில் வைத்து, சுத்தியலைப் பக்கத்து மேட்டில் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கும், மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகடு அவ்வளவாக நீளாது. மேடு பள்ளம் சரிசெய்ய இந்த இரண்டாவது முறைதான். புதியவர்கள் மணிச் சத்தம் பிடித்துப்போய் அதையே அடித்து, தகட்டைத் தேவைக்கு மேல் நீட்டிவிடுவார்கள். பெரியப்பா பட்டறை வாசலில் தே ஓ குடித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், சத்தத்தை வைத்து என்னைத் திட்டுவார்.

தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் எப்படித் தெரியும்? கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய், விட்டால் ‘டப்’ என்று வெளியே வரும். அதற்கு நெருப்புதான் மருந்து. மேட்டின் உச்சியில் ஐந்து சென் காசளவு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, டாலியை அடியில் லேசாகக் கொடுத்து, சுற்றியும் மேலும் மெதுவாகத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்த இடம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி முழுக்க ஆறிய பிறகுதான் அடுத்தது.

அடி விளிம்பு மடிப்பைக் கடைசியில் வையுங்கள். கோட்டைக் கீறி, டாலியின் கூர் ஓரத்தில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு நடையாக மடியுங்கள். வெளிப்பக்கம் குவிந்த ஓரத்தை மடித்தால் மடிப்பு சுருங்க வேண்டும். சக்கர வளைவு மாதிரி உள்வாங்கிய ஓரத்தை மடித்தால் மடிப்பு நீள வேண்டும். தாளில் எழுதி வைத்தது இங்கேயும் உதவும்.

எனக்கு முதல் மூலைக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இரண்டு துண்டு குப்பைக்குப் போனது.

பொருத்துவது

முன் விங் போல்ட்டில் மாட்டியிருப்பதால் கழற்றி மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். ஆனால் முதல் சில புள்ளிகளைக் காடியில் மாட்டிய நிலையில், கதவை மூடி, இடைவெளியைப் பார்த்துக்கொண்டே வையுங்கள். புதுத் துண்டைப் பழைய விங்கின் மேல் படுக்க வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கூர் ஊசியால் கீறி, நல்ல இரும்பு தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். துரு அரித்து மெலிந்த தகட்டில் வெல்டு பிடிக்காது, ஓட்டைதான் விழும். இரண்டு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், முனையோடு முனை நிற்கட்டும். ஏற்றி வைத்தால் நடுவில் ஈரம் தங்கும், நம் ஊர் மழைக்கு அடுத்த துரு அங்கேதான்.

மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு புள்ளி. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாவித் தாவி வையுங்கள். கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு நீளக் கோடாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை எடுக்க இன்னொரு ஞாயிறு. ஒவ்வொரு புள்ளியும் ஆறும்போது தகட்டை இழுத்துச் சுருக்கும். அதனால் மேலே துருத்துவதைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, இங்கே மட்டும் டாலியோடு நேருக்கு நேர் ‘டிங்’ என்று தட்டி நீட்டிக்கொடுங்கள். ஓட்டை விழுந்தால், பழைய செப்புக் குழாயைத் தட்டையாக அடித்து அடியில் பிடித்துக்கொண்டு அடையுங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது.

மேடு பள்ளம் தேட, பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையால் நீளவாக்கில் தடவுங்கள். வெறும் கையைவிட அதில் நன்றாகத் தெரியும். தகட்டில் மண்ணெண்ணெய் தடவி, டியூப் லைட்டின் கோடு அதில் எப்படி நெளிகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. அந்தக் காலத்தில் மிச்சப் பள்ளத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி நிரப்பினார்கள். எங்கள் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி உலகுக்கு அனுப்பிய அதே வெள்ளீயம்தான். அழகான வேலை, ஆனால் ஈயத் தூள் நச்சு, முதல் காடிக்கு வேண்டாம். இரண்டு மில்லிமீட்டருக்குள் பட்டி போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தட்டுவது இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

வெறும் இரும்பை ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாயங்கால மழைக்குப் பிறகு வரும் ஈரக் காற்றிலேயே விடிவதற்குள் செம்மண் நிறம் ஏறிவிடும், தொட்ட இடத்தில் விரல் ரேகையோடு. மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். பட்டி அதன் மேல். சில்லுக்குள்ளேயும் கதவுக்குள்ளேயும், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு, மெழுகு எண்ணெயை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். அடிக்கும் முன் தண்ணீர் வடியும் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். புது சில் செய்பவர்களில் பாதிப் பேர் அந்த ஓட்டைகளைப் போடவே மறந்துவிடுகிறார்கள், நானும் ஒரு பக்கத்தில் மறந்தேன்.

வெட்டியெடுத்த பழைய மூலைக்கு இன்னும் வேலை இருக்கிறது. போல்ட் ஓட்டைகளை அதை வைத்துத்தான் புதுத் தகட்டில் குறிக்க வேண்டும். அதனால் எது எந்தப் பக்கம் என்று பெயிண்டால் எழுதி, விங் மாட்டிக் கதவு சரியாக மூடும்வரை சுவரில் ஆணி அடித்து மாட்டி வையுங்கள்.